மறு: ‘கம்யூனிட்டி ரெஸ்பான்சிவ்’ கலைக்கல்வி: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

ஆசியாவில் நல்ல கலைப்பள்ளியோ அதற்கான நிதியோ எட்டிப் பார்க்காத பகுதிகளில் நடக்கும் சமகாலக் கலைப் பயிற்சிகளைப் பற்றி ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘கம்யூனிட்டி ரெஸ்பான்சிவ்’ (அங்கே வாழ்வோருக்குத் தக்கபடி அமைவது) என்ற அடைமொழி பத்திக்குப் பத்தி வருகிறது. இப்போதைக்குச் ‘சமூக எதிர்வினைக் கலைக்கல்வி’ என்று போட்டிருக்கிறேன். படித்தால் கண்டனக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ‘சமகாலக் கலை’ நிலைத்துவிட்ட சொல், அதில் கை வைக்க வேண்டாம். மற்றதற்கு வழி சொல்லுங்கள்.

* * *

ஐயா, வணக்கம்.

சொல்லைத் தேடுமுன் அந்த ஆட்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், கொண்டகாவ் வட்டாரத்தில், மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் 1990களின் பிற்பகுதியிலிருந்து ராஜ்குமார் கோராம், சாந்திபாய் முதலிய ஆதிவாசிக் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்துவருகிறார். இவர்கள் கட்டிய ‘நல்பார்’ என்பது அடிபம்பைச் சுற்றிய மேடை. நிரம்பிய குடத்தைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு ஏற்றினால் முதுகு போய்விடும். அதனால் பாதி உயரத்தில் குடம் வைக்க ஓர் இடம் விட்டார்கள். தூக்கி அங்கே வைத்து, மூச்சு வாங்கி, அப்புறம் தலைக்கு ஏற்றலாம். அதன் வடிவத்தைப் பேசி முடிவு செய்ததில் தண்ணீர் எடுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு. இதில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்று பிரித்துச் சொல்வது கடினம். எனக்கு இந்தக் கல்வியில் பிடித்ததே அந்தக் குழப்பம்தான்.

இன்னொன்று மலேசியாவின் சாபா மாநிலத்தில், ரனாவ் பகுதியில் 2010இல் தொடங்கிய பங்ரோக் சுலாப் குழு. ‘சுலாப்’ என்றால் உழவர்கள் இளைப்பாறும் குடிசை. கிராமங்களுக்குப் போய்ப் பலகையில் செதுக்கி அச்செடுக்கக் கற்றுத்தருகிறார்கள். அச்சு எந்திரம் கிடையாது. மை தடவிய பலகைமேல் துணியை விரித்து, பாட்டைப் போட்டுவிட்டு, எல்லாரும் அதன்மேல் ஏறி ஆடுகிறார்கள். மிதியின் கனத்தில் படம் துணிக்கு ஏறிவிடுகிறது. எந்திரம் வாங்கக் காசில்லை என்பது அங்கே குறையாகத் தெரியவில்லை. அதையே பாடமுறை ஆக்கிக்கொண்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘எதிர்வினை’யில் ஒரு மோதல் இருக்கிறது. பள்ளிப் பாடநூல்களில் வரும் ‘துலங்கல்’ நல்ல சொல்தான், ஆனால் அது தொட்டாற்சிணுங்கிக்குப் பொருந்தும்: தூண்டினால் துலங்கும், அவ்வளவே. ‘மறுமொழி’க்கு முதலில் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். இங்கே யாரும் கலைஞரைக் கூப்பிடவில்லை. அவராகப் போகிறார், காது கொடுக்கிறார், அதற்குத் தக்கபடி தன் பாடத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆக, நமக்கு வேண்டியது திசையைக் காட்டும் சொல். அடுத்தது ‘சமூகம்’. ‘நீங்க என்ன சமூகம்?’ என்று ஒருவர் கேட்டால் எதைக் கேட்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

என் பரிந்துரை: ஊர்முகக் கலைக்கல்வி. உள்முகம், பன்முகம் என்று பழகிய வார்ப்புதான். ‘இந்தப் பாடத்திட்டம் ஊர்முகமாக இல்லை’ என்று வளைத்தும் எழுதலாம். வளையாத கலைச்சொல் அகராதியிலேயே தங்கிவிடும்.

கூடவே ஒரு வேண்டுகோள். ‘வளம் குன்றிய பகுதிகள்’ என்று எழுதிவிடாதீர்கள். பஸ்தர் பக்கம் பைலாடிலா மலையில் இரும்புத்தாது வெட்டியெடுக்கிறார்கள், காடும் இருக்கிறது. வளத்துக்குக் குறைவில்லை, அங்குள்ளவர்கள் கைக்கு வருவதில்தான் குறை. ‘வசதி எட்டாத பகுதிகள்’ போதும்.

* * *

வணக்கம். ‘-முகம்’ பிடித்திருக்கிறது. ‘ஊர்’ வேண்டாம்.

ஊர் வேறு, சேரி வேறு என்றுதான் நம் கிராமங்களில் இன்றும் பேசுகிறார்கள். ‘ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள்’ என்ற வாக்கியத்தில் யார் இல்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. சமூகத்தைச் சாதிக்காக விலக்கிவிட்டு ஊரை உள்ளே விட்டால், ஒரு வாசலை அடைத்து இன்னொன்றைத் திறந்த கதைதான்.

ஊரே இல்லாதவர்களும் உண்டு. கம்போடியாவின் பாட்டம்பாங்கில் இருக்கும் ஃபாரே பொன்லூ செல்பாக் கலைப்பள்ளி, தாய்லாந்து எல்லை அகதிமுகாமில் குழந்தைகளுக்கு நடந்த ஓவிய வகுப்பில் முளைத்தது. அங்கே படித்த இளைஞர்கள் நாடு திரும்பி 1994இல் பள்ளியைத் தொடங்கினார்கள், பிறகு சர்க்கஸ் வரை விரித்தார்கள். முகாமில் நடந்த அந்த வகுப்பை ஊர்முகம் என்று எப்படி எழுதுவீர்கள்?

* * *

‘திணைசார் கலைக்கல்வி’ அழகாக இல்லையா? நிலம், மக்கள், தொழில் மூன்றும் அடங்கிவிடுகிறதே!

* * *

அழகுதான், அக்கா. ஆனால் 2018இல் மூன்று கலைக்குழுக்கள் கூடி ஜகார்த்தாவில் தொடங்கிய கூட்ஸ்குல் கலைப்பள்ளி எந்தத் திணை? அத்தனை பெரிய நகரத்துக்குக் கருப்பொருள் பட்டியல் போட உட்கார்ந்தால் கட்டுரை அடுத்த ஆண்டுதான் முடியும். தவிர, சங்க மணம் பட்டதும் வாசகர் ரசிக்கத் தொடங்கிவிடுவார், அடிபம்பு மேடை மறந்துபோகும்.

ஊர்–சேரி பற்றிய மறுப்பை ஏற்கிறேன். ‘-முகம்’ இருக்கட்டும், முன்னொட்டை மட்டும் மாற்றுகிறேன்: மக்கள்முகக் கலைக்கல்வி. ‘மக்கள்’ கொஞ்சம் அகலம்தான், மேடைப்பேச்சு வாடையும் அடிக்கிறது. ஆனாலும் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. எந்த மக்கள் என்பதை அந்தந்த வாக்கியம் சொல்லிக்கொள்ளட்டும்.

கட்டுரையின் சொல்லடைவில் இப்படிப் போடலாம்:

மக்கள்முகக் கலைக்கல்வி: ஓரிடத்தில் வாழ்வோரின் தேவை, தொழில், கைப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவர்களோடு சேர்ந்தே பாடத்தையும் படைப்பையும் அமைத்துக்கொள்ளும் சமகாலக் கலைப்பயிற்சி.

‘கேட்டறிந்து’ என்பதை மட்டும் யாரும் வெட்டச் சொல்லாதீர்கள். வேறு திருத்தம் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.