முதல் நாள் ஜிம்: ராடா, கர்லாக்கட்டையா?

நாற்காலி நாகன்: வயசு 34, உட்கார்ந்தே பாக்குற வேலை. ஒரு வாரம் டிரையல்னு ஜிம்முக்குப் போனேன். முதல் நாளே கோச் ஸ்குவாட், லன்ஜ், லெக் பிரஸ்னு எல்லாம் காலுக்கான பயிற்சியாவே கொடுத்து வாட்டி எடுத்துட்டார். மூணு நாளா மாடிப்படியில பின்பக்கமா திரும்பித்தான் இறங்குறேன். பேசாம வீட்டுலயே தண்டால் எடுக்கலாமா?

கர்லாக்கட்டை: எடுங்க சார், காசும் மிச்சம். தண்டால், உட்கார்ந்து எழுற பஸ்கி, கையில பிடிச்சுச் சுத்த ஒரு ஜோடி கர்லாக்கட்டை போதும். இங்கிருந்து வெள்ளைக்காரன் கொண்டுபோன கட்டைச் சுத்தல் 1904லயும் 1932லயும் ஒலிம்பிக்ல பதக்கப் போட்டியாவே இருந்துச்சு. நாம ஏசி ரூம்ல ஓடுற பெல்ட்டுக்கு மாசாமாசம் அழுறோம்.

இரும்படிச்சான்: பெருமை சரி அண்ணே. தண்டால்ல நெஞ்சு, பஸ்கில தொடை. முதுகுக்கு என்ன? இழுக்குற வேலை எங்க இருக்கு? கம்பியில தொங்கி உடம்பை மேல இழுக்குற புல்-அப்னு சொல்லாதீங்க, புதுசா வர்றவருக்கு ஒண்ணு வர்றதே கஷ்டம். ஜிம்ல எடையைக் கம்பிவடத்தால இழுக்குற கேபிள் மெஷின்ல 15 கிலோவுல ஆரம்பிச்சு கொஞ்சங்கொஞ்சமா ஏத்தலாம். பழகப் பழகச் சுமையைக் கூட்டணும், சூட்சுமமே அதுதான். 100 தண்டாலை 200 ஆக்கினா தம் கூடும், பலம் அந்த அளவுக்குக் கூடாது.

கர்லாக்கட்டை: மல்யுத்தம் பழகுற கோதாவுல கயிறு ஏறுவாங்க தம்பி. முதுகு அதுல வரும்.

இரும்படிச்சான்: கோதாவுக்கு இப்ப எங்க போக? தென்மாவட்டத்துல பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குறாங்களே, அது என்ன தண்டாலா? தரையில கிடக்குற பாரத்தைக் குனிஞ்சு அள்ளுறது. ஜிம்ல ராடைத் தரையில இருந்து தூக்குற டெட்லிஃப்ட்டுக்குப் பெரியப்பா.

கர்லாக்கட்டை: ஒத்துக்குறேன். ஆனா அந்தக் கல்லை எவனும் முதல் நாளே தூக்கல.

மாடிவீட்டு மீனா: அவர் கேட்டதை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. தட்டு மாட்டாத வெறும் ராடே 20 கிலோ. அதைத் தலைக்கு மேல தூக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் டம்பெல்தான். நாகன் சார், வலி ரெண்டாம் மூணாம் நாள் உச்சத்துல இருக்கும், அப்புறம் தானா அடங்கும். ஆனா சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்துல போனா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க. தசை சிதைஞ்சு சிறுநீரகத்தைப் பாதிக்கிற விஷயம் அது. பழக்கமில்லாம வீட்டுல 300 பஸ்கி போட்டாலும் வரலாம், கட்டை அண்ணே. அடுத்த தடவை எதுலயும் ரெண்டு செட்டுக்கு (நடுவுல நிறுத்தாம செய்யுற ஒரு சுத்துதான் ஒரு செட்) மேல வேண்டாம். இன்னும் மூணு தடவை வரும்னு தோணும்போதே கீழ வெச்சிடுங்க.

இரும்படிச்சான்: அக்கா சொல்றது சரி. தப்பு அந்தக் கோச் மேல, ராடு மேல இல்ல.

நாற்காலி நாகன்: டிகாஷன் நிறம் இல்லீங்க, நல்லவேளை. வருஷச் சந்தா கட்டுங்கன்னு நச்சரிக்கிறாங்க, ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டுறேன். திங்கள், வியாழன் போதும். கட்டை எத்தனை கிலோ வாங்கணும் அண்ணே?

கர்லாக்கட்டை: ரெண்டு கிலோ. கடைக்காரர் நாலு கிலோவைத் தலையில கட்டப் பார்ப்பார், வாங்கிடாதீங்க.