செயின்ட் லூயிஸ் வெளிச்சம்: பார்த்தவர்கள் சொன்னது

பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு வேலைக்கு வந்த முதல் இலையுதிர்காலத்திலேயே இந்தக் கதை என் காதில் விழுந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. இரவுப் பணியில் தூக்கம் வராத பெரியவர் ஒருவர் இருந்தார். தேநீர் கொண்டுபோனால் ஒரு மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்வார். மேட்டீஸ் குடும்பம் (கனடாவின் பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்தவர்கள்), பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலம், சொந்த ஊர் செயின்ட் லூயிஸ். "எங்கள் ரயிலை இன்னும் பார்க்கவில்லையா?" என்றார் ஒருநாள். அந்தத் தடத்தில் ரயில் நின்று பல வருடமாகிறது, தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதையும் அவரேதான் சொன்னார்!

ஊர் தெரியாதவர்களுக்கு: சஸ்காச்சுவான் மாகாணம், பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்குத் தெற்கே 2-ஆம் எண் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம். சுமார் 400 பேர் இருக்கும் கிராமம். தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றங்கரை. 1885-இல் லூயி ரியல் தலைமையில் மேட்டீஸ் மக்கள் கனடா அரசை எதிர்த்துச் சண்டையிட்ட பட்டோஷ் இதே ஆற்றில்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் பேச்சு எடுத்தால் ரியலுக்கு முன்னால் வெளிச்சம்தான் வரும்.

கதை இதுதான். தண்டவாளத்தைச் சோதிக்க லாந்தரோடு இறங்கிய ரயில் ஊழியர் ஒருவர் ரயிலில் அடிபட்டு, தலை துண்டாகிப் போனார். அவர் இன்னும் தலையைத் தேடுகிறார். தூரத்தில் தெரியும் பெரிய வெளிச்சம் இன்ஜின் விளக்கு, அதன் அடியில் தெரியும் சின்னச் சிவப்பு அவருடைய லாந்தர். யார், எந்த வருடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் இன்னொரு தம்பதியும் கிளம்பினோம். முதலில் கிராமத்துக்கே போய் வழி கேட்டோம். அப்போது பழைய பாலம்தான். நடுவில் ரயிலுக்கென்று கட்டியது. இரண்டு பக்கமும் பிற்பாடு ஒட்டவைத்த ஒற்றை வழி, கார் கண்ணாடி கம்பியில் உரசுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். (2018-இல் புதுப் பாலம் வந்தது.) சத்தியமாகச் சொல்கிறேன், அன்று இரவு எனக்கு அதிகம் பயம் கொடுத்தது அந்தப் பாலம்தான்.

தடம் ஊருக்கு வடக்கே. மண்சாலையில் வண்டியை ஓரம் கட்டி, விளக்கை அணைத்து உட்கார்ந்தோம். இரு பக்கமும் புதர், நடுவில் கோடு கிழித்த மாதிரி பழைய ரயில் பாதை. தூரத்து வயலில் யாரோ இரவிலும் அறுவடை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலும் நின்றபின் கொயோட்டி ஊளை மட்டும். அரைமணி நேரம் ஒன்றுமில்லை. சிப்ஸ் பாக்கெட் காலி.

அப்புறம் வந்தது. தரையோடு ஒட்டிய ஒரு நட்சத்திரம் போல முதலில். மஞ்சள் கலந்த வெள்ளை. மெல்லப் பெரிதானது. இப்படி ஒரு வெளிச்சம் நம்மை நோக்கி வந்தால் கூடவே சத்தம் வரும் என்று உடம்பு காத்திருக்கும், இல்லையா? சத்தம் வரவே இல்லை. அதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஒரு நிமிடம் இருந்திருக்கும், அடியில் சிவப்பாக ஒரு பொட்டு, பிறகு யாரோ ஊதி அணைத்தது போல இருட்டு. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் கார் கதவைப் பூட்டினார். பேய்க்குப் பூட்டு!

லா ரோஞ்ச் ஊரின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் இதை அறிவியல் கண்காட்சிக்காக ஆராய்ந்து, தொலைவில் ஓடும் வண்டிகளின் விளக்குதான், ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் இப்படித் தெரிகிறது என்று காட்டிப் பரிசும் வாங்கியது எனக்குப் பிறகுதான் தெரியும். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "என் அப்பா பார்த்தபோது இந்தப் பக்கம் எத்தனை கார் இருந்தது, சொல்லு" என்றார்.

என் பாட்டியும் இதே ரகம். ஏரிக்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசு பார்த்தவர். அது சதுப்பில் கிளம்பும் வாயு என்று பள்ளியில் படித்துவந்து சொன்னதற்கு, "வாயுவுக்கு வாய் எதுக்குடி?" என்றார்.

*

மேலே எழுதிய அக்காவுக்கு: நீங்கள் பார்த்த பேய் நானாகக்கூட இருக்கலாம். நான்கு வருடம் அந்த 2-ஆம் எண் சாலையில் தானிய லாரி ஓட்டினேன்.

மிச்சிகனில் பாவ்ல்டிங் என்ற இடத்திலும் இப்படி ஒரு வெளிச்சம் உண்டு. அதற்கும் லாந்தர் பிடித்த ரயில்காரர் கதைதான். அங்கே 2010-இல் பொறியியல் மாணவர்கள் தொலைநோக்கி வைத்துப் பார்த்து, கார் விளக்கு என்று கண்டுபிடித்தார்கள். அதைப் படித்துவிட்டு நானும் நண்பனும் இங்கே முயன்றோம். அவன் தடத்தில் நின்றான். நான் என் காரில் நெடுஞ்சாலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே நான்கு இண்டிகேட்டரையும் போட்டேன். போனில் அவனிடம் "என்ன தெரிகிறது?" என்றேன். முதல் இரண்டு தடவை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை ஓரிடத்தில், "டேய், பேய் கண்ணடிக்குதுடா!" என்று கத்தினான்.

சரி, முடிந்தது என்று வண்டியை ஒரு பண்ணைப் பாதையில் திருப்பி விளக்கையெல்லாம் அணைத்தேன். பத்து நிமிடம் சாலையில் ஒரு வண்டியும் என்னைக் கடக்கவில்லை. போனில் அவன், "இப்பவும் தெரியுதே" என்றான். வேறு சாலையில் போன வண்டியாக இருக்கும். இருக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

நான் மூன்று முறை போயிருக்கிறேன். பார்த்தது: கொசு, கொசு, மூன்றாம் முறை சேறு. மழை பெய்த மறுநாள் அந்த மண்சாலைக்குள் காரை விடாதீர்கள். பசை மாதிரி சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். இரவு பதினொரு மணிக்கு அரை மைல் நடந்து ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினேன். இந்த வருடத்தில் நான் ஆறாவது ஆளாம். பண்ணைக்காரர் திட்டாமல் டிராக்டரை எடுத்து வந்து காரை இழுத்துவிட்டார், காசு வாங்கவில்லை.

கனடா அஞ்சல் துறை 2014-இல் பேய்க்கதைத் தபால்தலை வரிசை வெளியிட்டபோது இந்த ரயிலுக்கும் ஒன்று போட்டது. அதை வாங்கி வைத்திருக்கிறேன். என் சேகரிப்பில் இந்தப் பேய் அவ்வளவுதான்.

அன்று டிராக்டர் கயிற்றை அவிழ்க்கும்போது, "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று பண்ணைக்காரரைக் கேட்டேன். நிமிரவே இல்லை. "காய்ந்த நாளாகப் பார்த்து வா. அது எங்கேயும் போய்விடாது" என்றார்.