டிஎன்எஸ் (டொமைனின் முகவரிப் பதிவுகள்) பேக்கப் பட்டியல் காலியாக வருகிறது, மெயிலும் நின்றுவிட்டது: உதவி தேவை

அச்சுக்கூடம்:
வணக்கம். சின்ன அச்சகம் நடத்துகிறேன். ஆர்டர், டிசைன் ஃபைல் எல்லாம் எங்கள் டொமைன் மெயிலில்தான் வரும். நேற்றுக் காலை 10 மணிக்குச் சற்று முன் வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாற்ற, ஏஐ ஏஜென்டிடம் ஏ ரெக்கார்டை (சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் பதிவு) மாற்றச் சொன்னேன். டொமைன் வாங்கிய நிறுவனத்தின் எம்சிபி சர்வரை (ஏஜென்ட் அவர்கள் டூல்களைப் பயன்படுத்த வழி தருவது) அதோடு இணைத்திருக்கிறேன். சைட் நன்றாக வந்துவிட்டது. ஆனால் மதியத்துக்குமேல் ஒரு மெயிலும் வரவில்லை. பார்த்தால் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு இரண்டையும் காணோம்.

பழைய நிலைக்குத் திரும்ப பேக்கப் பட்டியலை எடுக்கச் சொன்னேன். எரர் இல்லை, காலிப் பட்டியல் மட்டும் வருகிறது. "இந்த டொமைனுக்குப் பேக்கப் எதுவும் இல்லை" என்கிறது ஏஜென்ட். உண்மையிலேயே இல்லையா? கல்யாணப் பத்திரிகை சீசன், கை நடுங்குகிறது.

இரவுப்பணி:
பதறாதீர்கள். ஏஜென்ட் சொன்ன வாக்கியத்தை விட்டுவிட்டு, அந்த டூலுக்கு அது என்ன அனுப்பியது என்று பாருங்கள். சாட்டில் டூல் பெயரை அழுத்தினால் விரியும். டொமைன் என்ற இடத்தில் என்ன இருக்கிறது? இன்னொன்று, டிக் கமாண்டில் (டிஎன்எஸ் பதிவுகளைப் பார்க்கும் கட்டளை) என்எஸ் கேட்டு, நேம்சர்வர் (டொமைனின் பதிவுகளைத் தரும் சர்வர்) யாருடையது என்றும் சொல்லுங்கள்.

அச்சுக்கூடம்:
நேம்சர்வர் அதே நிறுவனத்துடையதுதான். டொமைன் இடத்தில் முன்னால் மூன்று டபிள்யூ சேர்ந்து போயிருக்கிறது. நான் சைட் முகவரியை அப்படியே ஒட்டினேன்.

இரவுப்பணி:
அங்கேதான் சிக்கல். பேக்கப் எடுப்பது முழு ஸோனுக்கு, அதாவது டொமைனின் எல்லா ரெக்கார்டுக்கும் சேர்த்து. மூன்று டபிள்யூ அந்த ஸோனுக்குள் இருக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயரில் தனி ஸோன் இல்லாததால் டூல் காலியாகத் திருப்பியது. ஏஜென்ட் அதைப் பேக்கப்பே இல்லை என்று புரிந்துகொண்டது. வெறும் டொமைன் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள்.

நேம்சர்வர் வேறிடத்தில் இருந்திருந்தால் நிலைமையே வேறு. பட்டியல் வந்தாலும் அது நடப்பில் இல்லாத ஸோனின் பேக்கப். அதனால்தான் முதலிலேயே கேட்டேன்.

அச்சுக்கூடம்:
வந்துவிட்டது! மூன்று பேக்கப். ஆனால் கடைசியானது நேற்று 04:22 என்று காட்டுகிறது. அந்நேரம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வேறு யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

இரவுப்பணி:
நேரத்தின் கடைசியில் 'இசட்' எழுத்து இருக்கிறதா? இருந்தால் அது யுடிசி, உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 5:30 மணி கூட்டுங்கள், 9:52. நீங்கள் மாற்றச் சொன்ன அதே நேரம்.

ஆனால் அது மாற்றத்துக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. பட்டியலில் அடையாள எண், நேரம், காரணம் இவ்வளவுதான் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்து உள்ளடக்கத்தை எடுத்து, எம்எக்ஸ் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

தென்றல்77:
குறுக்கிடுகிறேன். இருந்தாலும் முழு ரீஸ்டோர் வேண்டாம். அந்தப் பேக்கப்பில் ஏ ரெக்கார்டு பழைய சர்வரைத்தான் காட்டும், சைட் மறுபடி அங்கே போய்விடும். இப்போதைய ஸோனையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, காணாமல் போனதை மட்டும் சேருங்கள். சேர்க்கும்போது இருப்பதை அழித்து எழுதும் விருப்பம் அணைந்திருக்க வேண்டும். நேற்று நடந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அச்சுக்கூடம்:
சரியாகச் சொன்னீர்கள். நேற்று ஏஜென்ட் டூலுக்கு அனுப்பியதில் அந்த விருப்பம் 'ட்ரூ', அதாவது இயக்கத்தில் இருந்தது. பேக்கப்பில் எம்எக்ஸ் இரண்டும் இருக்கின்றன. எஸ்பிஎஃப் டிஎக்ஸ்டி ரெக்கார்டும் (எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்வது) போயிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. மூன்றையும் சேர்த்துவிட்டேன். நேற்றிலிருந்து அனுப்பியவர்களின் மெயில் எல்லாம் போனது போனதுதானா?

இரவுப்பணி:
பெரும்பாலும் இல்லை. எம்எக்ஸ் இல்லாவிட்டால் அனுப்பும் சர்வர் ஏ ரெக்கார்டு காட்டும் முகவரிக்கே போய்ப் பார்க்கும். உங்கள் புது வெப் சர்வரில் மெயில் நுழையும் வாசலான 25-ஆம் போர்ட் மூடியிருந்தால் இணைப்பு கிடைக்காது, மெயில் வரிசையில் காத்திருக்கும். குறைந்தது 4, 5 நாளாவது முயல வேண்டும் என்கிறது மெயில் அனுப்பும் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 5321. அந்த போர்ட்டில் ஏதாவது ஒன்று பதில் சொல்லி மறுத்திருந்தால் மட்டும் அனுப்பியவருக்கே திரும்பியிருக்கும்.

காலையில் போன ரெக்கார்டுக்கு மதியம்வரை மெயில் வந்ததற்குக் காரணம் டிடிஎல், அதாவது ஒரு பதிலை எத்தனை விநாடி நினைவில் (கேஷில்) வைத்திருக்கலாம் என்ற அளவு. 14400 என்று இருந்தால் 4 மணி நேரம் பழைய பதில் கேஷில் இருக்கும். எம்எக்ஸ் இல்லை என்ற பதிலும் அப்படியே கேஷ் ஆகும், அதற்கான நேரம் எஸ்ஓஏ ரெக்கார்டில் (ஸோனின் பொது விவரப் பதிவு) இருக்கிறது. அதனால் சில இடங்களிலிருந்து வர இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம்.

தென்றல்77:
காத்திருக்கும் நேரத்தில் ஒரு வேலை. பட்டியல் எடுப்பது, உள்ளடக்கம் பார்ப்பது இரண்டையும் ஏஜென்ட் கேட்காமலே செய்யட்டும், படிக்க மட்டும்தான் செய்கின்றன. மாற்றுவது, அழிப்பது, ரீஸ்டோர் மூன்றுக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் அனுமதி கேட்கும்படி வையுங்கள்.

அச்சுக்கூடம்:
வைத்துவிட்டேன். இப்போது 11 மெயில் மொத்தமாக வந்து விழுந்தன, நேற்று மாலை அனுப்பியவை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வாடிக்கையாளரின் பத்திரிகை ஃபைல் மட்டும் இன்னும் வரவில்லை. அவருக்குத் திரும்பிப் போயிருக்கலாம், போன் செய்து மறுபடி அனுப்பச் சொல்கிறேன்.