கவுன்சில் பிளாட் சர்வீஸ் சார்ஜ்: கணக்கைக் கேட்டு வாங்கிய அனுபவங்கள்

நாலாம்மாடி எழுதியது:

எங்கள் கிழக்கு லண்டன் பிளாட் முன்பு கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) வீடு. கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவரே அதை வாங்கும் ரைட் டு பை திட்டத்தில் யாரோ வாங்கி, கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. 125 வருட லீஸ், வருடத்துக்கு 10 பவுண்டு கிரவுண்ட் ரென்ட் (நில வாடகை). கட்டடம் இன்றைக்கும் கவுன்சிலுக்குத்தான் சொந்தம். துப்புரவு, படிக்கட்டு விளக்கு, காப்பீடு, ரிப்பேர், நிர்வாகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டுவதுதான் சர்வீஸ் சார்ஜ், ஏப்ரலில் அதன் உத்தேச பில் வரும். வருடக் கணக்கு முடிந்து செப்டம்பர் வாக்கில் உண்மையான தொகை வரும்.

ஒரு வருடம் அந்த இரண்டாவது கடிதத்தில் 'பிளாக் ரிப்பேர்' என்ற ஒரு வரி மட்டும் உத்தேசத்தைப் போல மூன்று மடங்கு இருந்தது. போன் செய்தால், "எல்லா இடத்திலும் செலவு கூடிவிட்டது" என்றார்கள். எங்கள் ஆட்கள் பலர் இந்தப் பதிலோடு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். 1985-ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம் கவுன்சிலின் லீஸ்ஹோல்டர்களுக்கும், அதாவது நம்மைப் போல லீஸில் பிளாட் வைத்திருப்பவர்களுக்கும், செல்லும். 21-ஆம் பிரிவின்படி செலவுக் கணக்கின் சுருக்கத்தை எழுதிக் கேட்கலாம். அது கைக்கு வந்த 6 மாதத்துக்குள் 22-ஆம் பிரிவின்படி பில், ரசீது எல்லாவற்றையும் பார்க்கக் கேட்கலாம். கேட்ட ஒரு மாதத்துக்குள் அவர்கள் காட்டத் தொடங்க வேண்டும்.

முதலில் ரிப்பேர் பட்டியலை ஈமெயிலில் கேட்டேன். தேதி, வேலை எண், ஒற்றை வரி விவரம், தொகை, அவ்வளவுதான் அதில் இருந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு கீழ் வீட்டு நைஜீரிய அக்காவிடம் போனேன். அந்த பிளாக் கட்டி முடித்த காலத்திலிருந்தே இருப்பவர், எந்தக் கதவு எப்போது உடைந்தது என்பது வரை அவருக்கு ஞாபகம் இருக்கும். பேனாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். இன்டர்காம் ரிப்பேர் என்று ஒரு பெரிய தொகை இருந்தது. "அந்த வருடம் நம்முடைய இன்டர்காம் கெடவே இல்லையே, கெட்டது அடுத்த பிளாக்கில்" என்றார். இரண்டு பிளாக்குக்கும் ஒரே பெயர், எண் மட்டும்தான் வேறு. இன்னும் சில வரிகள் வாடகைக்கு இருப்பவர்களின் வீட்டுக்குள்ளே சமையலறைக் குழாய், உள் கதவுப் பிடி மாற்றியவை. அவை கவுன்சில் வீட்டுக்காரராகத் தன் கைக்காசில் செய்ய வேண்டிய வேலைகள். ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டுக்குள் ஓடினாலும் பொதுக் குழாயில் கசிந்தால் அது பிளாக் செலவுதான். அதனால் ரசீதைப் பார்க்காமல் அடித்துப் பேச முடியாது.

கவுன்சில் அலுவலகத்தில் ஒரு சின்ன அறையில் ரசீதுகளைக் காட்டினார்கள். படம் எடுக்க விட்டார்கள். இன்டர்காம் ரசீதில் அடுத்த பிளாக்கின் எண்ணே அச்சாகியிருந்தது. அங்கே இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு மறு பேச்சு பேசவில்லை. நல்லவர், வேலை எண்களைக் குறித்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு வேலை எண்ணையும் போட்டு, ஏன் மறுக்கிறேன் என்று ஒரு வரி காரணத்தோடு கடிதம் எழுதினேன். பெரும்பாலானவற்றைக் கழித்துக் கணக்கில் வரவு வைத்தார்கள். எங்கள் கவுன்சிலில் நிர்வாகக் கட்டணம் மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று போடுவார்கள். ஆகவே அதுவும் குறைய வேண்டும் என்று இன்னொரு கடிதம் எழுத வேண்டி வந்தது. அதைத் தானாகக் குறைக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

துப்புரவுக் கட்டணத்தில் மட்டும் அசையவில்லை. படிக்கட்டுச் சுவரில் ஒட்டிய தாளில் வாராவாரம் கையெழுத்து இருந்தது, எங்களிடம் எதிர்ச்சான்று ஏதும் இல்லை. இப்போது பிளாக்கில் சிலர் சேர்ந்து தேதியோடு படம் எடுத்து வைக்கிறோம்.

பணத்தை முழுதாக நிறுத்தாதீர்கள். அரியர்ஸ் கடிதம் வரும், அப்புறம் மார்ட்கேஜ் கொடுத்த வங்கிக்கே எழுதுவார்கள். ஒப்புக்கொள்ளும் பகுதியைக் கட்டிவிட்டு, மீதியை ஏன் கட்டவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். பயந்து முழுவதும் கட்டிவிட்டாலும் உரிமை போகாது. பணம் கட்டியதை மட்டும் வைத்துத் தொகையை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 27ஏ பிரிவிலேயே இருக்கிறது.

தேம்ஸ்தென்கரை எழுதியது:

அண்ணா, உங்களுடையது வருடாந்தக் கணக்கு. எங்களுக்கு வந்தது மேஜர் வொர்க்ஸ்: கூரை, ஜன்னல், சாரம் எல்லாம் சேர்த்து ஒரு பிளாட்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டிய மதிப்பீடு. அம்மாவும் அப்பாவும் அந்தக் கடிதத்தை மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள், அவ்வளவு பயம்.

இப்படிப்பட்ட வேலையில் ஒரு லீஸ்ஹோல்டரின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால், அதே 1985 சட்டத்தின்படி செக்‌ஷன் 20 நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். நம் கருத்தைச் சொல்ல 30 நாள் இருக்கிறது. அந்த 30 நாளை வீணாக்காதீர்கள். முறையாக நோட்டீஸ் கொடுக்காவிட்டால் 250 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது என்பது சட்டம். ஆனால் இந்த வழக்குகளை விசாரிக்கும் ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) கவுன்சிலுக்கு அதிலிருந்து விலக்கு கொடுக்கலாம். 2013-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, நோட்டீஸ் தவறியதால் நமக்கு உண்மையில் என்ன நட்டம் என்பதுதான் கேள்வி. அதனால் நோட்டீஸில் இருந்த ஓட்டையை மட்டும் நம்பி நாங்கள் போகவில்லை.

கூரையை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லும் சர்வே அறிக்கை எங்கே என்று கேட்டோம். ஜன்னலைப் பழுது பார்த்தால் போதாதா என்று கேட்டோம். ஹவுன்ஸ்லோ கவுன்சிலுக்கு எதிரான வாலர் வழக்கில் 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது எங்களுக்குப் பெரிய துணை. லீஸின்படி செய்தே ஆக வேண்டிய ரிப்பேர் வேறு, கவுன்சில் விரும்பிச் செய்யும் மேம்பாடு வேறு. மேம்பாடு என்றால், கட்டப்போகிறவர்களின் கருத்தையும் அவர்கள் தலையில் விழும் பாரத்தையும் கூடுதலாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த வழக்கில் ஒரு பிளாட்டுக்கு வந்த பில் சுமார் 55,000 பவுண்டு.

கடைசியில் ஃபர்ஸ்ட் டியர் ட்ரிப்யூனலுக்குப் போனோம். கோர்ட் என்று பயப்பட வேண்டாம், வக்கீல் இல்லாமலே பேசலாம். ஒரு நீதிபதி, அவரோடு ஒரு சர்வேயர். சண்டைக்குரிய ஒவ்வொரு தொகையையும் அட்டவணையாகக் கேட்டார்கள்: ஒரு பத்தியில் நாங்கள் சொல்வது, அடுத்ததில் கவுன்சில் சொல்வது, கடைசிப் பத்தி அவர்கள் முடிவுக்கு. தொகைக்குத் தொகை போனதால் கோபமாகப் பேச இடமே வரவில்லை. வேலை ஏதும் நடக்காமல் சாரம் நின்ற காலத்தின் வாடகையைப் பெரிதாகக் குறைத்தார்கள். அந்த மாதங்களின் படங்கள் மாடி வீட்டுப் பையனின் போனில் இருந்தன. ஜன்னலில் ஒரு பகுதி குறைந்தது. கூரையில் தோற்றோம், அறிக்கை தெளிவாக இருந்தது. ஒரு விஷயம் மனதை வருத்தியது: நம்மால் கட்ட முடியுமா என்பதை அங்கே பார்ப்பதில்லை, செலவு நியாயமா என்பதைத்தான் பார்க்கிறார்கள். மிச்சத்தை வட்டியில்லாத் தவணையில் கட்ட கவுன்சில் ஒப்புக்கொண்டது.

விண்ணப்பத்தோடு 20சி உத்தரவையும் கேளுங்கள். இல்லையென்றால் கவுன்சில் தன் வழக்குச் செலவையே அடுத்த வருட சர்வீஸ் சார்ஜில் நம்மிடம் போடக்கூடும்.

ஊர்க்குருவி எழுதியது:

என் மாமி கவுன்சிலிடமிருந்து நேரடியாக வாங்கியவர். மூன்றாம் வருடமே புதிய கதவு, புதிய என்ட்ரி சிஸ்டம் என்று பில் வந்தது. அவர் வாங்கியபோது, வரப்போகும் செலவுகளைக் காட்டிக் கவுன்சில் கொடுத்த செக்‌ஷன் 125 நோட்டீஸ் அலமாரியில் பத்திரமாக இருந்தது. ரைட் டு பையில் வாங்கிய முதல் 5 வருடத்துக்கு அந்த நோட்டீஸ்தான் வரம்பு. அதில் தனியாகக் காட்டிய ரிப்பேருக்கு, அங்கே போட்ட தொகையையும் விலைவாசி உயர்வையும் தாண்டிக் கேட்க முடியாது. காட்டாத மேம்பாட்டு வேலைக்கு எதுவுமே கேட்க முடியாது. நோட்டீஸின் நகலோடு ஒரு கடிதம் போட்டோம், பில்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவருடைய பிளாக்கிலேயே அதே நிலையில் இருந்த ஒருவர் அந்தப் பணத்தைக் கட்டியிருந்தார். அவருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

நாலாம்மாடி எழுதியது:

ஊர்க்குருவி, அவரிடம் பில்லின் தேதியையும் வேலை நடந்த தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு ஏற்பட்டு 18 மாதம் கழித்துத்தான் பில் வந்ததென்றால், இடையில் எழுத்தில் அறிவிப்பு ஏதும் தந்திருக்காவிட்டால், 20பி பிரிவின்படி அதையும் வாங்க முடியாது. லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸில் இலவசமாக ஆலோசனை தருவார்கள். லீஸையும் அந்தப் பில்லையும் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.