சிலிண்டர் இல்லாமல் முங்கினால் பெண்ட்ஸ் வராதா?

ஆழிமகன்:
டைவுக்கு டைவு மேலே இத்தனை நிமிடம் கிடக்கணும் என்று ஃப்ரீடைவிங்கில் (சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் முங்குவது) சொல்வது எனக்கு வீண் பயமாகத்தான் படுகிறது. சிலிண்டரோடு முங்குகிற ஸ்கூபாக்காரர் ஆழத்திலேயே காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார், உடலில் நைட்ரஜன் ஏறும், மேலே வரும்போது அது குமிழாகி பெண்ட்ஸ் நோய் வரும், சரி. நாம் மேலே இழுத்த ஒரே மூச்சோடு போய் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறோம். அதில் எவ்வளவு நைட்ரஜன் இருந்துவிடும்?

முத்துச்சிப்பி:
ஒரு முறை முங்கினால் கொஞ்சம்தான். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, நுரையீரலில் இருக்கிற நைட்ரஜன் இரத்தத்துக்குள் போகும், அது முழுசாக வெளியேறும் முன்பே நீங்கள் அடுத்த முறை இறங்கிவிட்டால் மேலும் மேலும் சேரும். பசிபிக்கில் துவாமோத்து தீவுகளின் முத்துக் குளிப்பவர்கள் 30, 40 மீட்டருக்கு மணிக்கு 6 முதல் 14 முறை என்று நாள் முழுக்க இறங்கினார்கள். அவர்களுக்கு வந்த நோய்க்கு 'தரவானா' என்று பெயர். அவர்களைப் பற்றி 1965இல் கிராஸ் என்பவர் எழுதியது: ஒரே நாளில் 235 பேரில் 47 பேருக்கு அறிகுறி, 6 பேருக்குக் கை கால் செயலிழப்பு, 2 பேர் இறந்துபோனார்கள்.

ஆழிமகன்:
மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் தலை சுற்றும், மயக்கம் வரும். அது நைட்ரஜன்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கரைவலை:
நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். டேனிஷ் மருத்துவர் பவுலெவ், நீர்மூழ்கிப் பயிற்சித் தொட்டியில் 20 மீட்டருக்கு ஐந்து மணி நேரத்தில் சுமார் 60 முறை இறங்கினார். அப்புறம்தான் இடுப்பு வலி, குமட்டல், தலைசுற்றல் எல்லாம். காற்றழுத்தத்தை ஏற்றிக் குமிழ்களைச் சுருக்கும் அழுத்த அறையில் வைத்ததும் சரியானது. ஆக்சிஜன் குறைவு மட்டும் என்றால், மேலே வந்து நன்றாக மூச்சு விட்ட பிறகு புதிதாக இடுப்பு ஏன் வலிக்கணும்? மங்கரேவா தீவில் டைவுக்கு நடுவே 12 நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுத்தார்கள், அங்கே தரவானா இல்லை. அதே ஆழம், அதே முத்து வேலைதான்.

ஆழிமகன்:
மங்கரேவா விஷயம் எனக்குத் தெரியாது. 8, 10 மீட்டரில் மீன் குத்துபவருக்கும் இதே கணக்கு என்றால் மட்டும் இன்னும் ஒப்பமாட்டேன். கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நேற்று 28 மீட்டரில் இருபது முறைக்கு மேல் இறங்கினேன், இடையில் இரண்டு நிமிடம்கூட விடவில்லை, இடது கை இன்னும் மரத்தே இருக்கிறது.

முத்துச்சிப்பி:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! விவாதம் அப்புறம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், எத்தனை முறை, எவ்வளவு ஆழம் என்று சொல்லி, ஆக்சிஜனும் அழுத்த அறையும் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். தனியாக வண்டி ஓட்டாதீர்கள், தண்ணீரில் இறங்கவே வேண்டாம். எந்த ஊரில் இருக்கிறீர்கள்?