விலை நிலையில்லாதபோது தண்ணீரை எந்தப் பயிருக்குக் கட்டுவது? (கீழ்பவானிப் பாசனம்)

கேள்வி: வாய்க்கால்கரையான்

பெருந்துறை வட்டாரத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு 5 ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உள்ளன. நன்செய் முறை வரும் ஆண்டில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்து ஏறத்தாழ 4 மாதம் நெல்லுக்கு விடுவார்கள். புன்செய் முறை வரும் ஆண்டில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நிலக்கடலைக்கும் எள்ளுக்குமாக இடைவெளி விட்டு விடுவார்கள். இதற்கு நடுவே, கிணற்றை நம்பி 2 ஏக்கரில் மஞ்சள் நட்டு வந்தோம்.

2010-இல் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியபோது அப்பா கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டார். அந்தத் தண்ணீரில் விளைந்த மஞ்சளை 2012-இல் விற்கக் கொண்டுபோனபோது விலை 5,000-க்கும் கீழே கிடந்தது. கடனை அடைத்து முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. அண்மையில் மஞ்சள் விலை மீண்டும் ஏறியிருப்பதால், மானியத்தில் சொட்டுநீர் அமைத்து மஞ்சளை விரிக்கலாம் என்று நான் சொல்கிறேன். அப்பாவோ, கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்ளும் நெல்லே போதும் என்கிறார். தண்ணீரை அதிகம் குடிக்கும் பயிரையே அவர் பிடித்துக்கொண்டிருப்பது பொருளியல் கணக்கில் தவறுதானா?

மறுமொழி 1: பழைய ஆசிரியர்

உங்கள் அப்பா கணக்குத் தெரியாமல் பேசவில்லை. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பயிர் ஆண்டுதோறும் உறுதியாக 40,000 ரூபாய் தருகிறது. இரண்டாவது பயிர் ஐந்தில் மூன்று ஆண்டுகள் 90,000 தந்து, இரண்டு ஆண்டுகள் 20,000 நட்டம் வைக்கிறது. சராசரியில் இரண்டாவதுதான் மேல்: 46,000. ஆனால் அந்த இரண்டு நட்ட ஆண்டுகளும் அடுத்தடுத்து வந்து, அப்போது கடனும் இருந்தால், அடுத்த நல்ல ஆண்டு வரும்போது நிலம் அவர் கையில் இருக்காது. ஆகவே 6,000 ரூபாயை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குகிறார்.

இந்தக் கணக்கில் சேராத செலவு தண்ணீர்தான். மைய அரசு 22 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிக்கிறது. நிலக்கடலையும் எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நம் ஊரில் அறுவடைதோறும் களத்துக்குப் பக்கத்திலேயே அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு நெல்லுக்குத்தான் இருக்கிறது. நெல்லின் தேவையில் பாதித் தண்ணீருக்கும் குறைவாகக் குடிக்கும் நிலக்கடலையின் விலையை வியாபாரியே முடிவு செய்கிறார். எனவே, விலை இடரைக் குறைக்கும் ஏற்பாடு எந்தப் பயிருக்கு இருக்கிறதோ, அதன் பக்கமே தண்ணீரும் போகிறது.

இன்னொன்று: விலை விழுந்தால் தண்ணீர் இறைப்பது குறையும் என்று புத்தகம் சொல்லும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாக இருக்கும்போது கூடுதலாக ஒரு மணி நேரம் இறைக்கச் செலவே இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போட்ட பணத்தையோ திரும்ப எடுக்க முடியாது. கடனை அடைக்க வேண்டியவர் விலை விழுந்த ஆண்டிலும் கூடுதல் பரப்பில் பயிர் வைத்து இறைக்கத்தான் செய்வார். மஞ்சள் விலை ஏறியபோது தோண்டிய துளைகள், விலை இறங்கிய பிறகு மூடிக்கொள்வதில்லை.

மறுமொழி 2: கடைமடை

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சந்தை இடர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை; மதகைத் திறக்கும் தேதியும் அதை உண்டாக்குகிறது. கீழ்பவானியின் 2.07 லட்சம் ஏக்கரில் ஒரு பாதி முழுவதும் ஒரே காலத்தில் தண்ணீர் வாங்கி, ஒரே காலத்தில் நட்டு, சில வாரங்களுக்குள் அறுக்கிறது. கொள்முதல் நிலைய வாசலில் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் வருவதற்காக நெல்லைக் காயவைத்துக் காத்திருப்பதும், நிலக்கடலை வரத்து குவிந்த வாரத்தில் விலை சரிவதும் இதனால்தான். சொந்தக் கிணறு உள்ளவர் நடவைச் சில வாரங்கள் முன்னே பின்னே தள்ளி இதிலிருந்து தப்பலாம். அந்தக் கிணற்றின் ஊற்றுக்கு வாய்க்கால் கசிவும் ஒரு காரணம் என்பதால்தான், வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது பாசனதாரர்களே இரண்டு அணியாகப் பிரிந்தோம்.

விலைக்கும் கூலியாள் பஞ்சத்துக்கும் அஞ்சித் தென்னைக்கு மாறியவர்கள் எங்கள் பக்கம் நிறைய. நெல் வயலை ஒரு வறட்சி ஆண்டில் தரிசாகப் போடலாம். தென்னந்தோப்பை அப்படிக் காயவிட முடியாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தபோது லாரியில் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றினோம். விலை இடரைக் குறைக்கப் போய்த் தண்ணீர் இடரைத் தலையில் ஏற்றிக்கொண்டோம்.

மறுமொழி 3: தென்துருவன்

ஆஸ்திரேலியாவின் மரே-டார்லிங் ஆற்றுப் படுகையிலும் இதே சிக்கலைக் காணலாம். அங்கே தண்ணீர் ஒதுக்கீட்டையே விற்கலாம், வாங்கலாம். கடும் வறட்சியில், 2007-08 பருவத்தில், நெல் சாகுபடி ஏறத்தாழ நின்றுபோனது. நெல் விவசாயிகள் பலர் தங்கள் தண்ணீரைத் தோட்டக்காரர்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். மரம் வைத்திருந்த அந்தத் தோட்டக்காரர்கள், விற்பவர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. விளைபொருள் விலையோடு தண்ணீர் விலையும் அங்கே ஓர் இடர். அளவுமானி இல்லாத கிணறுகளை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீர்ச் சந்தையை இங்கே கொண்டுவரலாம் என்பவர்களை நான் நம்புவதில்லை.

மறுமொழி 4: பழைய ஆசிரியர்

கேள்வி கேட்டவருக்கு நேரடியாக ஒரு சொல். 5 ஏக்கர் வரை சிறு விவசாயி என்பதால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மஞ்சளுக்கு மட்டுமே பொருந்தும் இடைவெளியில் குழாய் போடாதீர்கள்; அடுத்து நிலக்கடலையோ காய்கறியோ வைக்கும்படி அமையுங்கள். விலை விழுந்தால் பயிரை மாற்றலாம், முதலீடு முடங்காது. வேகவைத்துக் காயவைத்த மஞ்சள் கெடாது என்பதால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கிச் சில மாதம் பொறுக்கலாம். பயிர்க் காப்பீடு விளைச்சல் குறைந்தால்தான் பணம் தரும், விலை விழுந்தால் தராது. அதை நம்பிப் பரப்பை விரிக்க வேண்டாம்.

வாய்க்கால்கரையான்:

நன்றி ஐயா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நெல்லை விடமாட்டேன் என்றவர், கிணற்றுப் பக்கத்து 1 ஏக்கரில் மட்டும் சொட்டுநீர் போட ஒப்புக்கொண்டார். குழாய் இடைவெளியை அவரே அளந்து சொல்வாராம்.