பெருங்குடல் புற்றுநோயில் மரபுவழிப் பங்கு 35 சதவீதம் என்றால் என்ன பொருள்?

கேள்வி: இளவேனில்

வணக்கம். என் தந்தைக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டு, குடலின் வலப்பகுதி அகற்றப்பட்டது. அவருடைய அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, 49 வயதில் கருப்பையில் புற்றுநோய் வந்தது. எனக்கு இப்போது 34 வயது. இரண்டு ஆண்டுகளாக இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவருகிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளின் இரட்டையர்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இந்நோயில் மரபுவழிப் பங்கு 35 சதவீதம் என்கிறது. ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடிபெயர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளோ, ஓரிரு தலைமுறைக்குள் அவர்களுடைய நோய் விகிதம் அங்குள்ள வெள்ளையர்களின் விகிதத்தை எட்டிவிட்டது என்கின்றன. மரபணு மாறாமலே விகிதம் மாறுகிறதென்றால் அந்த 35 சதவீதம் எங்கே போயிற்று? என் அபாயத்தில் 35 பங்கு தந்தை வழியாக வந்தது, மீதி 65 பங்கு என் கையில் இருப்பது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி: கதிர்மதி

அப்படி எடுத்துக்கொள்ள இயலாது. நானும் நோய்ப்பரவலியல் துறையில் சேர்ந்த புதிதில் இதே இடத்தில்தான் தடுமாறினேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த எண் தனி மனிதரைப் பற்றியது அன்று. ஒரு மக்கள் கூட்டத்துக்குள், ஒரு காலகட்டத்தில், சிலருக்கு நோய் வருவதற்கும் சிலருக்கு வராமலிருப்பதற்கும் இடையிலான வேறுபாட்டில் எவ்வளவு பகுதி மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து செல்கிறது என்பதையே அது சொல்கிறது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே விதமாக உண்டு வாழும் சமூகத்தில், எஞ்சும் வேறுபாட்டுக்கு மரபணுவே பெரிதும் காரணமாகத் தெரியும், எண் உயரும். வாழ்முறை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும் சமூகத்தில் அதே மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டாலும் எண் இறங்கும். மேலும், 44,788 இரட்டையர் இணைகளை வைத்துக் கணக்கிட்டும் அந்த 35 என்ற மதிப்பீட்டின் நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, 10 முதல் 48 வரை விரிந்து கிடந்தது. செய்தித்தாள்கள் 35ஐ மட்டும் எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தமே.

ஆக, ஸ்வீடன் முதலிய அந்த மூன்று வட ஐரோப்பிய நாட்டவருக்குள் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் எண்ணைக் கொண்டு, ஜப்பானில் வாழ்பவருக்கும் ஹவாயில் வாழ்பவருக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க முடியாது. ஜப்பானுக்குள்ளேயே இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நோய் பன்மடங்கு பெருகியது. அவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு நாட்டின் மரபணுத் தொகுப்பு மாறுவதில்லை.

சூழல் எவ்வளவு விரைவாகக் குடலைத் தொடுகிறது என்பதற்கு 2015இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே இந்நோய் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 65 பேருக்கு வருகிறது. தென்னாப்பிரிக்க நாட்டுப்புறத்தில் 5 பேருக்கும் குறைவு. இரு தரப்பிலிருந்தும் இருபது இருபது பேரைத் தேர்ந்து, இரண்டு வாரங்களுக்கு உணவை மட்டும் மாற்றிக்கொடுத்தார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளொன்றுக்கு 55 கிராமாக உயர்ந்தது. ஆப்பிரிக்கர்களுடையது 12 கிராமாகக் குறைந்து, கொழுப்பு கூடியது. நார்ச்சத்தை நொதிக்கவைத்துக் குடல் நுண்ணுயிரிகள் உண்டாக்கும், குடலைக் காக்கும் பொருளான பியூட்டிரேட் முன்னவர்களிடம் பெருகியது, பின்னவர்களிடம் சரிந்தது. குடல் உட்சவ்வின் அழற்சியோ முன்னவர்களிடம் குறைந்தது, பின்னவர்களிடம் கூடியது. இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வருவதும் இல்லை, தீர்வதும் இல்லை. ஆனால் நோய்க்கு முன்னோடியான மாற்றங்கள் எவ்வளவு சீக்கிரம் புரளக்கூடியவை என்பது தெரிகிறது.

மறுமொழி: முகிலரசி

கதிர்மதி எழுதியதை முழுதும் ஏற்கிறேன். ஆனால் இளவேனில், உங்கள் குடும்பத்தின் கேள்வி வேறு. நான் நோயியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவள். ஐம்பது வயதுக்குள் ஒருவருக்குக் குடலிலும் உடன்பிறந்தவருக்குக் கருப்பையிலும் புற்றுநோய் என்று படித்ததுமே எனக்கு, இவ்விரு புற்றுநோய்களின் அபாயத்தையும் பெரிதும் கூட்டும் பரம்பரைக் கோளாறான லிஞ்ச் நோய்க்குறிதான் நினைவுக்கு வந்தது.

குடல் உட்சவ்வின் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. ஒவ்வொரு பிரிதலிலும் டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது எழுத்துப்பிழைகள் நேர்கின்றன. அவற்றைத் திருத்தும் வேலை எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய மரபணுக்களுடையது. இவற்றுள் ஒன்று பிறவியிலேயே பழுதாகியிருப்பதுதான் லிஞ்ச். பெருங்குடல் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழ மூவருக்கு இதுவே காரணம்.

உங்கள் தந்தையின் கட்டித் திசு மெழுகுக் கட்டையாக மருத்துவமனையில் இருக்கக்கூடும். அதை மெல்லியதாகச் சீவி, அந்த நான்கு மரபணுக்களும் உண்டாக்கும் புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்ப்போம். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். லிஞ்ச் கட்டியில், சுற்றியுள்ள நல்ல செல்களின் உட்கருக்கள் பழுப்பாக இருக்க, புற்றுச் செல்களின் உட்கருக்கள் மட்டும் வெளிறிய நீலமாக நிற்கும். எம்எல்எச்1 புரதம் பிறவிப் பழுது இல்லாமலும் மறையலாம் என்பதால், அப்போது இன்னொரு சோதனையும் தேவைப்படும்.

தந்தையிடம் பழுது உறுதியானால், அது உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஓர் இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். வராவிட்டால் உங்கள் அபாயம் பொதுமக்களின் அளவை ஒட்டியதே. வந்திருந்தால் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கேமரா மூலம் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். பல குடும்பங்களில் அது 20 முதல் 25 வயதிலேயே தொடங்குகிறது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி: ஆழிமகன்

ஒரு சிறு சேர்க்கை. லிஞ்ச் போன்ற வலுவான பழுதுகூடச் சூழலுக்கு அப்பாற்பட்டதன்று. லிஞ்ச் உள்ளவர்களுக்குத் தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்த ஆய்வில், பிற்காலத்தில் குடல் புற்றுநோய் கணிசமாகக் குறைந்தது. அதே ஆய்வில் உடல் பருமன் உள்ளவர்களிடம் அபாயம் கூடியிருந்தது. இரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் மருத்துவர் சொல்லாமல் யாரும் இதைத் தொடங்கக் கூடாது. மறுபுறம், அஷ்கெனாசி யூதர்கள் எனப்படும் ஐரோப்பிய வழி யூதர்களில் ஏறத்தாழ 6 சதவீதத்தினரிடம், குடலில் கட்டி வளராமல் தடுக்கும் ஏபிசி மரபணுவில் காணப்படும் ஒரு மாற்றம் அபாயத்தைச் சற்றே கூட்டுகிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் மரபணுவின் மேல் போடுவதும் தவறு. மரபணுவே இல்லை என்பதும் தவறு.

இளவேனில்

மூவருக்கும் நன்றி. அத்தையின் நோயை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. தந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில் இன்று கேட்டேன். மெழுகுக் கட்டை இருக்கிறதாம். எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அத்தைக்கு இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் இன்று மாலை பேசப்போகிறேன்.